கடற்பறவைகளுக்குப் பின்னால்

ஒக்தாவ் ரிவோல் வசனத்தில் பொய் சொல்ல வேண்டி வந்தால் இடது கண் ஒரு நூல் முந்திக்கொண்டு சிமிட்டும். இது அவருடைய முதல் மனைவி க்ளோதில்த்துக்குத் தெரியாது. இப்போதைய மனைவிக்கும் தெரியாது. ஜிஸ்லேன் மொர்வானுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் ஜிஸ்லேன் அந்த மனிதரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

அவருடைய ஒன்பது படங்களை வெட்டி ஒட்டியவள் அவள். இருபது வருஷமாக அந்த முகம் அவள் மேஜை மேல் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் இருமப் போவது அவருக்கே தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிடும். நெற்றியில் விழும் முடியை எந்த விரலால் தள்ளுவார் என்பது மனப்பாடம். சொந்தப் புருஷன் எந்தக் கையால் கோப்பையைப் பிடிப்பான் என்று கேட்டால் அவள் யோசிக்க வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ அவன் போய்விட்டான்.

அவளுடைய அறை தலைநகரை ஒட்டிய பூலோஞில், ஆற்றைப் பார்த்த கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. ஆனாலும் மத்தியானத்தில் ஆற்று வெளிச்சம் எப்படியோ உள்ளே நுழைந்து கூரையில் நெளியும். சுவரோரம் துணி விரித்த பெரிய கூடைகள். மேலே வரிசையாக ஊசிகள், ஊசிகளில் தொங்கும் ஃபிலிம் துண்டுகள். ஒரு துண்டில் மழை. ஒரு துண்டில் யாரோ ஒருத்தியின் கழுத்து. ஒரு துண்டில் கதவு திறக்கும், அடுத்த ஊசியில்தான் ஆள் நுழைவார். கதவைத் திறந்து வைத்தால் காற்றில் எல்லாம் சரசரவென்று ஆடி ஒன்றோடொன்று உரசும். அந்த நேரத்தில் அறைக்குள் வருபவர்களுக்கு, யாருடைய கனவுக்குள்ளோ தவறி நுழைந்துவிட்டோமா என்று ஒரு கணம் தோன்றும்.

மார்த் கெரேவுக்கு மட்டும் அப்படியெல்லாம் தோன்றாது. மார்த் உதவி எடிட்டர். ஐம்பதைத் தாண்டியவள், விதவை, வாய் நீளம். ஜிஸ்லேனுக்குக் கிடைத்த பரிசுச் சிலையை, வெயில் காலத்தில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுப்பவள். கனமாக இருக்கிறதே, வேறு எதற்கு ஆகும் என்பாள்.

படப்பிடிப்புக்குப் போவதில்லை, நடிகர்களைச் சந்திப்பதில்லை என்பது ஜிஸ்லேனின் சட்டம். சும்மா வந்த சட்டம் இல்லை. பதினேழு வயதில் ஃபிலிம் லேபில் நெகட்டிவ் கழுவிக் காயவைக்கும் பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்தாள். பிறகு ஒட்டுகிறவளானாள். பிறகு உதவியாளர். அந்தக் காலத்தில் ஒரு தடவை படப்பிடிப்புக்குப் போய், நாள் பூராவும் மழையில் நனைந்து, கிரேன் மேலே ஏறி எடுத்த ஒரே ஒரு ஷாட்டுக்காக எல்லோரும் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். தலைமை எடிட்டர் படுக்கையில் விழுந்து, அந்தப் படம் அவள் கைக்கே வந்தது. அவளுடைய முதல் படம். அந்த ஷாட்டை வெட்ட மனசு வரவில்லை. தியேட்டரில் சரியாக அந்த இடத்தில்தான் ஜனங்கள் செருமினார்கள், நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவர்கள் யாரும் அன்றைக்கு மழையில் நனையவில்லையே.

அன்றோடு சரி. எது திரையில் இருக்கிறதோ அதுதான் உண்மை. அதை எடுக்க யார் அழுதார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பது அவளுக்கு வேண்டாம். இந்த ஒரு பிடிவாதம்தான் முப்பது வருஷத்தில் அவளைப் பிரான்ஸின் பெரிய எடிட்டர்களில் ஒருத்தியாக ஆக்கியது. இயக்குநர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நடிகர்கள் அவளுக்குப் பூ அனுப்பினார்கள். பூவை மார்த் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

இப்போது மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது ரெமி கஸ்தெலின் படம். ஆறு கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய், அதில் மதகு காக்கும் கிழவர். கிழவராக ரிவோல். மூடுபனியும் படகுகளும் கடற்பறவைகளுமாக, பார்க்கப் பார்க்கத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற மாதிரி ஒரு படம்.

அந்தப் பறவைகள்தான் ஜிஸ்லேனுக்குக் கை கொடுத்தன.

கிளாப் அடித்த பிறகு ரிவோல் ஒரு அரை மூச்சு எடுப்பார். அப்புறம் பேசுவார். இருபது வருஷ வழக்கம். அந்த அரை மூச்சு நீண்டுகொண்டே வந்தது. எதிரே நடிப்பவர் கேள்வி கேட்டாயிற்று. ரிவோல் பார்க்கிறார். விளக்குக்கு இடது பக்கம், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை. வசனம் மறந்த நடிகனின் பார்வை அவளுக்குத் தெரியும், அது மேலே போகும், கூரையில் தேடும். இது அப்படி இல்லை. எதையோ எடுக்க மாடி ஏறி வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று நிற்கிற ஆளின் பார்வை. பிறகு, யாரோ உள்ளேயிருந்து விளக்கைப் போட்டது போல, முகம் திரும்பி வரும். அப்புறம் அற்புதமாக நடிப்பார்.

ஜிஸ்லேன் அந்த இடைவெளியை வெட்டுவாள். கேள்வி முடிந்ததும் ஒரு பறவை. பறவை இறங்கியதும் ரிவோலின் பதில். டக்கென்று, கத்தி மாதிரி.

இரண்டு படங்களுக்கு முன்னால் முதல் தடவை செய்தாள். அப்போது பறவை கிடையாது, ஒரு ஜன்னல். போன படத்தில் காபிக் கோப்பைகள், ரயில் பெட்டிகள், ஒரு நாய். அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களில், இந்த வயதில் ரிவோலின் பேச்சில் இருக்கும் வேகத்தை எல்லோரும் வாயாரப் புகழ்ந்திருந்தார்கள்.

"மதாம், இந்த வாரம் மட்டும் பதினோரு பறவை," என்றாள் மார்த், துண்டு ஒன்றை ஊசியில் மாட்டிக்கொண்டே. "இப்படியே போனா ஊர்ல மீன் விலை ஏறிடும்."

"பறவை சம்பளம் கேக்குதா? ஓட்டு."

மார்த் ஓட்டினாள். இருவருக்கும் தெரியும் என்பது இருவருக்கும் தெரியும்.

*

ஒரு மத்தியானம், மார்த் மத்திமீன் டப்பாவைத் திறந்து, ரொட்டியை வெட்டி, மேஜையில் எண்ணெய் சிந்தாமல் இருக்க அன்றைய பத்திரிகையை விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்று படிக்க ஆரம்பித்தாள்.

ரிவோல் மேடை ஏறப் போகிறார். அக்டோபரில். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு. மூன்று மணி நேரச் செய்யுள் நாடகம், அதில் மூன்றாவது அங்கம் முழுக்க மேடையில் அவர் மட்டும் தனியாக. பயமாக இல்லையா என்று நிருபர் கேட்டிருந்தார். பதிலை மார்த் உரக்கப் படித்தாள்.

"பயம் இருந்தது. சமீபகாலமா என் மேலயே எனக்கு ஒரு சந்தேகம். அப்புறம் போன வருஷத்துப் படத்தை டிக்கெட் வாங்கிட்டுப் போய் ஜனங்களோட உக்காந்து பாத்தேன். ஒரு இடத்துலகூட அந்த ஆள் தடுமாறல. அவன் மேடை ஏறலாம்னு தோணிச்சு."

மார்த் பத்திரிகையை மடித்தாள். ஜிஸ்லேன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

அந்த ஆள். அந்த ஆளை யார் செய்தது? இந்த மேஜையில், இந்தக் கத்தரியால், ஒரு நாயையும் நாலு காபிக் கோப்பையையும் வைத்து அவள்தான் செய்தாள். ரசிகர்களை ஏமாற்றியது தொழில். அதற்குத்தான் சம்பளம். ஆனால் டிக்கெட் வாங்கி இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரும் இருந்தாரே. மேடையில் மூன்றாவது அங்கத்தில் அந்த அரை மூச்சு நீளும்போது எந்தப் பறவை பறந்து வரும்?

அன்று சாயங்காலமே அவள் ரெமி கஸ்தெலை மூலைக் காபிக் கடையில் பிடித்தாள். ரெமி கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். மே மாதம் திரைப்பட விழா, அதற்குள் படம் தயாராக வேண்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். தனக்கும் தெரியும் என்றான். படப்பிடிப்பில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை என்றான். வெளியே கசிந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் வருவான், பத்திரிகைக்காரன் பின்னாலேயே வருவான், படத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்றான். கடைசியாக அவள் தோளைத் தட்டினான்.

"நம்ம வேலை படம், ஜிஸ்லேன். அவரோட அக்டோபர் நம்ம வேலை இல்ல. விட்டுடு."

அவள் விடவில்லை.

மறுநாள் காலை, மூன்று படங்களில் வெட்டிப் போட்ட துண்டுகள் இருந்த டப்பாக்களை மார்த் கேட்காமலே கொண்டுவந்து மேஜையில் அடுக்கினாள். வெட்டியதை யாரும் தூக்கி எறிவதில்லை. எந்த இயக்குநர் எப்போது மனசு மாறுவான் என்று சொல்ல முடியாதே. ஜிஸ்லேன் அந்த இடைவெளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டினாள். பகலில் மதகு காவலர் படம், இடையிடையே இது. முடிய ஒரு வாரம் ஆயிற்று.

முடித்து ஓட்டிப் பார்த்தாள்.

சத்தமே இல்லை. ஒரு மனிதன். கறுப்புக் கோட்டு, பிறகு மழைக்கோட்டு, பிறகு மதகு காவலரின் நீலச் சட்டை. பின்னால் இடங்கள் மாறுகின்றன. நீதிமன்றம், ரயில் நிலையம், மூடுபனி. முகம் மட்டும் மாறவில்லை. யாரும் கூப்பிடாத திசையில் கவனமாகப் பார்த்துக்கொண்டு, ஒரு குளிர்காலத்திலிருந்து இன்னொரு குளிர்காலத்துக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு நாடு இருக்கிறது, அங்கே தன் பெயருக்கு அவசியமில்லை என்பது போல.

இதுவரை அவள் ஒட்டியதிலேயே அழகானது அதுதான். அது தெரிந்ததும் மேஜை விளக்கைப் போட்டாள்.

*

ரிவோல் அந்தக் கட்டடத்துக்கு வருவது வழக்கம்தான். கீழ்த்தளத்தில் டப்பிங் அறை. காற்றும் படகுச் சத்தமும் விழுங்கிய வசனங்களைத் திரும்பப் பேச வருவார். அந்த நாட்களில் ஜிஸ்லேன் மார்த்தைக் கீழே அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாகச் சந்தைக்குப் போய்விடுவாள். வெங்காயத்தாளும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு, அவர் கார் போன பிறகுதான் திரும்புவாள்.

இந்த வியாழக்கிழமை சந்தைக்குப் போகவில்லை. டப்பிங் முடிந்ததும் ரிவோலை மேலே அழைத்து வரும்படி மார்த்திடம் சொன்னாள். சொல்லிவிட்டு அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஊசியில் மாட்டினாள், எடுத்தாள்.

"உங்க புருஷன் பெட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு பதறல," என்று சொல்லிவிட்டு மார்த் படியிறங்கினாள்.

அவர் வந்தார்.

அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். புகையிலை வாசனை, கொஞ்சம் லாவெண்டர் வாசனை. திரையில் வாசனை கிடையாது, அதை அவள் யோசித்ததே இல்லை. தொங்கும் துண்டுகளுக்கு நடுவே தலையைக் குனிந்து புகுந்து வந்தபோது உச்சியில் ஒரு வழுக்கை தெரிந்தது. இருபது வருஷமாக ஒளிப்பதிவாளர்கள் அவளிடமிருந்துகூட மறைத்துவிட்டார்களே.

"வந்துட்டியா? உக்காரு," என்றாள் ஜிஸ்லேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இருபது வருஷமாக இருட்டில் அந்த முகத்தோடு பேசிய பேச்சு. திரும்பு ராஜா, இன்னும் கொஞ்சம், போதும், இப்போ பேசு. கை தானாக வாயைப் பொத்தியது.

ரிவோல் புருவத்தை உயர்த்தினார்.

"என்னை நீன்னு கூப்பிடறவங்கள்ல ரெண்டு பேர்தான் பாக்கி இருக்காங்க, மதாம். மூணாவதா ஒருத்தர் சேர்ந்தா சந்தோஷந்தான். ஆனா நாம இதுக்கு முன்ன சந்திச்சதில்லையே?" ஒரு கணம் அவர் குரலில் பயம் எட்டிப் பார்த்தது. "சந்திச்சிருக்கோமா?"

"இல்ல. சந்திச்சதில்ல," என்று அவசரமாகச் சொன்னாள். "உங்களுக்கு மறக்கல."

அவர் உட்கார்ந்தார். அவள் விளக்கை அணைத்தாள். ரீலை ஓட்டினாள்.

முதலில் அவர் சிரித்தார். கிளாப் அடிப்பதற்கு முன்னால் பிடித்ததா, பார்க்க மாடு மாதிரி நிற்கிறேனே என்றார்.

"கிளாப்புக்கு அப்புறம் எடுத்தது."

சிரிப்பு நின்றது. கறுப்புக் கோட்டு போயிற்று. மழைக்கோட்டு போயிற்று. நீலச் சட்டை வந்தது. சின்னத் திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அங்கேயும் இங்கேயுமாக ஒரே முகம். ஜிஸ்லேனுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ரீலின் வால் முனை ஓடி முடிந்து மேஜையில் படபடவென்று அடித்துக்கொண்டது. மார்த் எட்டி நிறுத்தினாள்.

"ஏன் மறைச்சீங்க?" என்றார் ரிவோல்.

"அதுதான் என் வேலை. உங்க மூக்குல சளி வந்தாலும் மறைப்பேன். முதல் தடவை களைப்புன்னு நினைச்சேன். அப்புறம் கைக்குப் பழகிடுச்சு."

"டாக்டரும் களைப்புன்னுதான் சொன்னார். என் மனைவி வயசுன்னா. ரெமி என் தோளைத் தட்டினான்."

"எல்லாருக்கும் தட்டறார்," என்றாள் மார்த்.

"நான் ஒருத்தரையும் நம்பல. படத்தைப் போய்ப் பார்த்தேன்." அவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நாப்பது வருஷமா சினிமாவுல இருக்கேன். அட்டையில செஞ்ச ராஜா அரண்மனையில குடியிருந்திருக்கேன். செத்து எழுந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கேன். அப்படிப்பட்டவன், திரையில தெரியறது நிஜம்னு நம்பிட்டேன். பால்கனியில உக்காந்து கைக்குட்டையால கண்ணைத் துடைச்சுத் துடைச்சு அழுவாங்களே, அவங்களைவிட மோசம்."

எழுந்தார். கோட்டை எடுத்தார். கதவுவரை போனார். அவள் செய்தது கொலை என்றார், வெறும் வெட்டு வேலைக்காரி ஒருத்தி தன் வாழ்க்கையில் கை வைக்கக் கூடாது என்றார். முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் சாகும்வரை சொல்லியிருக்கக் கூடாது என்றார். இடது கண் முந்திக்கொண்டு சிமிட்டவில்லை. அத்தனையும் மனசார வந்தது.

கதவுப் பிடியில் கை வைத்தார். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க. மெதுவா."

இந்தத் தடவை அவர் பேசிக்கொண்டே பார்த்தார். நீதிமன்றத்தில் நிற்கும்போது 'சாட்சி' என்ற வார்த்தை காணாமல் போனது. ரயில் நிலையத்தில் ஊர்ப் பெயர். இந்த இடத்தில் மறதி ஒன்றும் இல்லை, வெறும் பசி, அதை ஏன் வெட்டினீர்கள் என்று கோபித்துக்கொண்டார். மார்த்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதகுக் கரையில், மூடுபனியில், நீலச் சட்டைக்காரன் நின்றான்.

"இங்க நிறுத்துங்க."

ஜிஸ்லேன் நிறுத்தினாள்.

"இது வசனம் இல்ல. வசனம் முழுசா வாயில இருந்தது. எதிர்ல ஒரு பொம்பளை நிக்கறா. அவ யாருன்னு தெரியல."

ஜிஸ்லேனுக்கு அந்த ஷாட் நன்றாகத் தெரியும். கரையில் எதிரே நின்று படகுக்காரியாக நடித்தது க்ளோதில்த். அவருடைய முதல் மனைவி. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள்.

"அழகா இருக்காளே, யாரா இருக்கும்னு நினைச்சேன்," என்றார் ரிவோல். "அவ புரிஞ்சுக்கிட்டா. டேக் முடிஞ்சதும் வந்து என் காலரைச் சரி பண்ணிட்டுப் போயிட்டா. ஒண்ணும் சொல்லல."

திரையில் முகம் உறைந்து நின்றது. அதன் ஒவ்வொரு சுருக்கமும் தனக்குப் பாடம் என்று நினைத்திருந்தாள் ஜிஸ்லேன். அந்த இடத்தை வெட்டும்போது அவள் பார்த்தது தாமதம் மட்டும்தான். இப்போது பார்த்தால், அந்தக் கண்ணில் ஒரு புது ஆசை இருந்தது. முன்பின் தெரியாத பெண்ணைக் கண்ட ஆசை.

"இதைப் படத்துல திருப்பி வச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். படத்துல மறைச்சிடுங்க. பறவையோ மீனோ எதையாவது போடுங்க. நான் அழகா இருந்தாகணும்." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மேடையிலதான் நீங்க கிடையாதே. டெலிபோன் எங்க இருக்கு?"

டெலிபோன் தாழ்வாரத்தில் இருந்தது. நாடகக் கம்பெனியின் எண் அவருக்குத் தெரியும். தானே சுழற்றினார். மறுபக்கம் எடுத்தார்கள். மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் வந்தார். கணீரென்ற அந்தக் குரல் தாழ்வாரம் முழுக்க நிறைந்தது.

"நான் ரிவோல் பேசறேன். அக்டோபர் விஷயமா. அக்டோபர்ல நான்…"

நின்றுவிட்டது.

கண்கள் சுவரைத் தாண்டி எங்கோ போயின. ரிசீவரில் ஒரு சின்னக் குரல் அலோ, அலோ என்று கூப்பிட்டது. மார்த் வாயைத் திறந்தாள். அவளுக்கு எடுத்துக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும், ஒரே வாக்கியம்தானே. ஜிஸ்லேன் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். தன் விரல்களும் தானாகக் கத்தரியைத் தேடுவதை உணர்ந்தாள். அடக்கிக்கொண்டாள். வெளியே ஆற்றில் மணல் படகு ஒன்று ஏறிப் போனது. அது தாழ்வார ஜன்னலின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தைத் தொடும்வரை யாரும் பேசவில்லை. ஒரு மனிதன் இத்தனை தூரம் போய்விட்டுத் திரும்பி வர இவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை வெட்டாமல், முழு நீளத்துக்கு, அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"மேடை ஏறப் போறதில்ல," என்றார் ரிவோல். "இல்ல, காசு விஷயம் இல்ல. சண்டையும் இல்ல. உடம்பு. ஆமா. நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன். வேற நல்ல ஆளாப் பார்த்துக்குங்க."

அந்தப் பக்கம் பேசிக்கொண்டே போனார்கள், கெஞ்சினார்கள் போலிருந்தது. அவர் பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டார். சுவரில் சாய்ந்து, காலை மாற்றி வைத்துக்கொண்டு, மேனேஜரின் நாய்க்குக் கால் சரியாகிவிட்டதா என்று, நாயின் பெயரைச் சொல்லி, விசாரிக்க ஆரம்பித்தார்.